சுடேலுக்குக் குரல் கொடுத்தவள்

இசக்கிராஜ் ஒரு பேய்க்குக் குரல் தேடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அதுதான் உத்தியோகம். செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மாடியில், செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. அந்த விளையாட்டுகளில் ஓடுகிறவனின் காலடிக்கும், உடைகிற பானைக்கும், பின்னால் ஒலிக்கும் இசைக்கும் அவன்தான் பொறுப்பு. அவன் குடியிருக்கும் தாராவியில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "சினிமாவுக்கு மியூசிக் போடுதியாலே?" என்பார்கள். "இல்ல அண்ணாச்சி, கேமுக்கு" என்பான். "அப்ப சினிமாவுக்கு எப்பப் போடுவ?" என்பதோடு பேச்சு முடியும்.

அவனுடைய அம்மா தங்கமயில் மட்டும் அப்படிக் கேட்டதில்லை. அவள் மாவு அரைத்து விற்கிறவள். விடிந்ததும் ஓட ஆரம்பிக்கும் கிரைண்டர், மாட்டுங்காவில் அவளுடைய வாடிக்கை வீடுகளுக்கு வேண்டிய மாவு அரைபடும்வரை ஓயாது. வீடு ஒரே அறை. கிரைண்டரும் அங்கேதான், மகனுடைய மைக்கும் அங்கேதான். அவன் எதையாவது பதிவுசெய்ய வேண்டியிருந்தால், "அம்மா, கொஞ்சம் நிப்பாட்டேன்" என்பான். பாதி அரைபட்ட மாவை அப்படியே விட்டுவிட்டு அவள் சுவரோரம் போய் உட்காருவாள். இருமல் வந்து பிள்ளையின் வேலை கெட்டுவிடக் கூடாதே என்று முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வாள். வேலை முடிந்து அவன் கையைத் தூக்கிக் காட்டினால்தான் எடுப்பாள். எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சத்தம் சரியா வந்துச்சாலே?" என்பதாக இருக்கும்.

கம்பெனியின் முதலாளி அனந்தநாராயணன் மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக பம்பாயில் இருக்கும் குடும்பம். காது நல்ல காது. சங்கீதம் கேட்டு வளர்ந்த காது. அவர் வீட்டுக்கு மாவு கொடுப்பவள் தங்கமயில்தான் என்பது வேலையில் சேர்ந்த புதிதிலேயே இசக்கிராஜுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அதை அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுப் பிறகு சொல்லவே முடியாமல் போனது. அந்த வீட்டுப் பின்வாசலில் மாவை இறக்கிவைக்கும் தங்கமயிலும், உங்கள் கம்பெனியில் இருப்பவன் என் மகன் என்று சொன்னதில்லை. அவன் சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாள். இதையெல்லாம் அம்மாவும் பிள்ளையும் பேசிவைத்துக்கொண்டு செய்யவில்லை என்பதுதான் பரிதாபம்.

அப்போது கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்த விளையாட்டுக்குச் 'சுடேல்வாடி' என்று பெயர். சுடேல் என்றால் இந்தியில் பெண்பேய்; வாடி என்றால் குடியிருப்பு. குடிசைச் சந்துகளுக்குள் ஒரு ஆள் ஓட, பின்னால் சுடேல் துரத்துவாள். அவளைக் கண்ணால் பார்க்க முடியாது. அவள் கத்துவது கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள் என்று அர்த்தம். உடனே கட்டைவிரலால் திரையைத் தேய்த்து ஓட வேண்டும். ஆக, விளையாட்டே அந்த ஒரு கத்தலில்தான் நின்றது. அந்தக் கத்தல்தான் இசக்கிராஜுக்கு வசப்படவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தான். கடை ஷட்டர் இழுபடும் சத்தத்தைப் பிடித்துவந்து மெதுவாக ஓடவிட்டான். தேவ்னார் சந்தைக்குப் போய் ஆடுகள் கத்துவதைப் பிடித்துவந்தான். ஈரத் தோலைத் தோலோடு தேய்த்தான். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு தானே தொண்டை கிழியக் கத்தினான். சுவரோரம் வாயில் முந்தானையோடு உட்கார்ந்திருந்த தங்கமயில் பயந்து எழுந்தே விட்டாள். அந்தேரியிலிருந்து டப்பிங் பேசும் பெண் ஒருத்தி வந்து கத்திக்கொடுத்துவிட்டுப் போனாள். அதைக் கேட்ட அனந்தநாராயணன், "மேல பல்லி விழுந்தாப்ல கத்தறாடா" என்றார்.

"இன்னும் ரெண்டு நாள் கொடுங்க சார்."

"நாள் பிரச்சனை இல்லைடா இசக்கி. கத்தல் வரது, பயம் வரலை. இதெல்லாம் வாய்லேர்ந்து வர சத்தம். வயித்துக்குள்ளேர்ந்து வரணும். உன்னால முடியலைன்னா சொல்லிடு, வெளில குடுத்து வாங்கிக்கறேன்."

வெளியில் கொடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று இசக்கிராஜுக்குத் தெரியும். முதலில் கத்தல் வெளியில் போகும். பிறகு இசை போகும். பிறகு அவன் போவான்.

வயிற்றுக்குள்ளிருந்து வரும் சத்தம் ஒன்று அவனிடம் இருக்கத்தான் இருந்தது.

அவர்கள் சந்தின் முனையில் ஒரு இசக்கியம்மன் கோயில் இருக்கிறது. ஊர்ப் பக்கத்திலிருந்து பிடிமண் கொண்டுவந்து கட்டிய கோயில். வைகாசியில் கொடை, அம்மனுக்கு எடுக்கிற திருவிழா. அந்தக் கொடையில் அம்மன் வந்து இறங்குவது தங்கமயில்மேல்தான். புருஷன் செத்த அடுத்த கொடையில் முதன்முதலாக வந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தப்பவில்லை. கல்யாண வீட்டில் ஆரத்தித் தட்டைத் தொடவிடாத பெண்பிள்ளைகள், அன்றைக்கு மட்டும் அவள் காலில் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிடுவார்கள். கோயில் கமிட்டித் தலைவர் தங்கபாண்டி அண்ணாச்சி, நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், மற்ற நாளில் அவளை "ஏ மாவு" என்று கூப்பிடுகிறவர், அன்றைக்குக் கைகட்டி நின்று "தாயே" என்பார். வருஷம் பூராவும் மாவுக்காரியாக இருப்பவளுக்கு அந்த ஒரு கொடைதான் இருந்தது. அவளுக்கு வேறு என்ன இருந்தது என்று யோசித்தால் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

போன கொடையில் இசக்கிராஜின் அக்கா மகேஸ்வரியால் வர முடியவில்லை. சான்பாடாவில் நிறைமாதமாக இருந்தாள். அவள் கேட்பதற்காக, இசக்கிராஜ் நல்ல மைக்காக ஒன்றை வைத்துக் கொடை முழுவதையும் பதிவுசெய்தான். நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று ஓயும் இடத்தில், மேளம் இல்லாமல், அம்மாவின் கூச்சல் மட்டும் தனியாகப் பதிவாகியிருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி ஏறிக்கொண்டே போய், சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாதபடி உடையும் கூச்சல்.

அதை அவன் எடுத்தான். எடுக்கும்போது மனசுக்குள் வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டான். இசக்கியே ஒரு காலத்தில் பேயாக அலைந்தவள்தானே, வில்லுப்பாட்டிலேயே அப்படித்தானே வருகிறது என்றான். அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றான். குரலைக் கனமாக்கி, எதிரொலி சேர்த்து, ஆட்டுக் கத்தலையும் கலந்து கொண்டுபோனான்.

அனந்தநாராயணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "உள்ள ஏதோ இருக்குடா. எதுக்கு இத்தனை பூச்சு? எல்லாத்தையும் எடு" என்றார். ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். கடைசியில் தங்கமயிலின் கூச்சல் மட்டும், பூச்சு ஏதும் இல்லாமல், அந்த அறைக்குள் எழுந்தது. அவர் கையிலிருந்த மயிர் குத்திட்டு நின்றதை அவரே காட்டினார்.

"இதாண்டா. இதான். யாரோட குரல் இது?"

அம்மா என்று சொன்னால் எந்த அம்மா என்பார். கொடை என்று சொன்னால் என்ன கொடை என்பார். சாமி வந்து தலைவிரித்து ஆடுகிறவளா உன் அம்மா என்று அவர் கேட்கமாட்டார். ஆனால் நினைப்பார் என்று இவனுக்குப் பட்டது. தாராவி, மாவு, பின்வாசல், சாமியாட்டம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிக் கண்ணெதிரே வந்து நின்றன. அம்மாவை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் சார். பேரு மறந்துபோச்சு" என்றான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் அவ்வளவு கெட்டிக்காரன்கூட இல்லை. சுடேல்வாடி வெளியான கொஞ்ச நாளிலேயே தாராவிப் பிள்ளைகள் கைக்கெல்லாம் வந்துவிட்டது. ஒரு குடிசைச் சந்துக்குள் பேய் துரத்துகிறது என்றால் அவர்கள் விடுவார்களா? தண்ணீர்க் குழாயடியில், டியூஷன் வாசலில், ஷேர் ரிக்‌ஷாவில், எங்கே போனாலும் தங்கமயில் கத்தினாள். முதல் தடவை கேட்டபோது இசக்கிராஜுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை வீட்டு வாசல்வரைகூட வரவில்லை.

வாசலில் தங்கமயில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் விளையாடிக்கொண்டிருந்தது. "என்ன எளவு சத்தம்லே இது, வயித்தக் கலக்குது" என்றாள் தங்கமயில். அம்மன் வந்திருக்கும்போது அவளுக்குத் தன் நினைவு இருக்காது. தான் எப்படிக் கத்துவோம் என்று அவள் கேட்டதே இல்லை. அந்தப் பிள்ளை, "உங்க இசக்கி அண்ணன் கம்பெனி கேம்தான் ஆச்சி" என்றது. தங்கமயிலின் முகம் மலர்ந்துவிட்டது.

"நீயா போட்ட? நெசமாவே நல்லா பயமா இருக்குலே" என்றாள் மகனிடம். அன்றைக்கு மாவு கொடுத்த வீட்டிலெல்லாம், முதலாளியின் அந்த ஒரு வீட்டைத் தவிர, தன் மகன் போட்ட சத்தத்தைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள். இசக்கிராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

கண்டுபிடித்தவள் மகேஸ்வரி. போன கொடைப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டவள் அவள்தானே. போன் பண்ணி, "ஏலே, அந்தக் கேம்ல கத்துறது அம்மால்லா?" என்றாள். "கொடை வாறதுக்குள்ள அத எடுத்துரு. சந்துப் பிள்ளையளுக்குத் தெரிஞ்சா அம்மா எப்படில ஆடுவா?" என்று அழுதாள்.

அவன் அனந்தநாராயணனிடம் போய், சுடேலின் குரலை மாற்றிவிடலாம், இதைவிட நன்றாகச் செய்யலாம் என்றான். "நன்னா ஓடிண்டிருக்கறதை எதுக்குடா மாத்தணும்? காரணத்தைச் சொல்லு" என்றார் அவர். காரணத்தைச் சொல்லத்தான் அவன் போயிருந்தான். நின்றான், தலையைச் சொறிந்தான், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தான். புதுக் கத்தல் ஒன்றைச் செய்து காட்டியாவது மாற்றிவிடலாம் என்று ராப்பகலாக உட்கார்ந்தான். எதைச் செய்தாலும் அம்மாவின் கூச்சலுக்குப் பக்கத்தில் அது செத்துக் கிடந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் கதையாக ஆயிற்று அவன் கதை.

கொடை வந்தது. முதல் நாள் சாயங்காலம் குடியழைப்பு, அம்மனைக் கோயிலுக்கு வரச்சொல்லி அழைக்கிற சடங்கு. வழக்கம்போல ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே இசக்கிராஜ் உட்கார்ந்திருந்தான். மேளம் ஏறியது. தங்கமயில் கொட்டாவி விட ஆரம்பித்தாள், பெருவிரல் நடுங்கியது. அம்மா, வந்துராதே, இன்னைக்கு மட்டும் வந்துராதே என்று இவன் வேண்டிக்கொண்டான். கொடையில் உட்கார்ந்துகொண்டு அம்மன் வரக் கூடாது என்று வேண்டியவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அம்மன் வந்தாள். தங்கமயில் கத்தினாள்.

"பாக் ரே பாக்! சுடேல் ஆயி!" என்று ஒரு பிள்ளை கூவியது. ஓடு, பேய் வந்துவிட்டது என்று எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே, கட்டைவிரலைக் காற்றில் தேய்த்துக்கொண்டு, சந்துக்குள் ஓடின. பெரியவர்கள் அதட்டினார்கள். அதட்டியவர்களிலும் சில பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை இசக்கிராஜ் பார்த்தான். தங்கமயிலின் கூச்சல் பாதியில் நின்றது. கண்ணைத் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவளாகச் சுற்றிலும் பார்த்தாள். அம்மன் பாதியிலேயே மலையேறிவிட்டாள்.

மேளம் நின்றது. தங்கபாண்டி ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, "எதுக்குலே சிரிக்கிய?" என்றார். அது பயந்துபோய்ப் போனை நீட்டியது. தங்கமயில் அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலாக, மகனைப் பார்த்தாள். அவன் குனிந்து வயரைச் சரிசெய்வதுபோல இருந்தான்.

"ஏலே இசக்கி, இது ஒங்க கம்பெனி சாமான்லா?" என்று தங்கபாண்டி குரலை உயர்த்தினார். "அம்மன் கொரல எப்படிலே..."

"நாந்தான் கொடுத்தேன் அண்ணாச்சி" என்றாள் தங்கமயில். "அவன் கேட்டான். நாந்தான் கத்திக் கொடுத்தேன்."

கூட்டம் சலசலத்தது. அம்மன் குரலையா விளையாட்டுக்குக் கொடுத்தாள், அப்போ இத்தனை வருஷமும் ஆடினது நடிப்பா என்று பின்னால் ஒருத்தி கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அவள் கொடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்ல ஒரு வாய் போதும். மைக்கும் பக்கத்திலேயே இருந்தது. இசக்கிராஜ் எழுந்திருக்கவில்லை.

தங்கபாண்டி கூட்டத்தை அடக்கினார். "நாளை மதியக் கொடையில அம்மன் வந்தா ஆடு. வேண்டாம்னு சொல்ல நான் யாரு? ஆனா சத்தம் வரப்படாது. பிள்ளையள் சிரிச்சா ஊருக்கு ஆகாது" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றாள் தங்கமயில்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அரிசியைக் களைந்தாள். அவன் சுவரோரம் நின்றான்.

"யாரு கொரலுன்னு ஆபீஸ்ல கேட்டாங்களாலே?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "யாரோ ஒரு ஆர்ட்டிஸ்ட், பேரு மறந்துபோச்சுன்னு சொன்னேன்."

தங்கமயிலின் கை அரிசிக்குள்ளேயே நின்றது. "எம்பேரு மறந்துபோச்சாலே?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். திட்டவில்லை, அழவில்லை. எழுந்துபோய்க் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

மறுநாள் காலையில் அவன் அனந்தநாராயணனுக்குப் போன் பண்ணினான். எல்லாவற்றையும் சொன்னான்; மாவைக்கூடச் சொன்னான்.

"நம்மாத்துத் தங்கமயிலா?" என்றார் அவர். "எங்காத்து தோசையே அவ மாவுதானேடா. எங்கம்மா அவகிட்ட மணிக்கணக்கா பேசிண்டிருப்பா. நீ ஏண்டா சொல்லலை?"

குரலை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றார் அவர். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது இவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மனிதருக்குப் பயந்தா இத்தனையும் செய்தோம் என்று தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

ஓடிவந்து அம்மாவிடம் சொன்னான். அவள் கொடைக்காக மஞ்சள் சேலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சும்மா. இனிமே அந்தக் கேம்ல ஒன் கொரலு இருக்காது."

"எங்கேருந்துலே எடுத்த?" என்றாள் அவள், கொசுவத்தை மடித்துக்கொண்டே. "போன்லருந்தா, பிள்ளைங்க வாயிலருந்தா?"

"நான் எல்லாருட்டயும் சொல்லிருதேன். நீ கொடுக்கல, நாந்தான் எடுத்தேன்னு."

"வேண்டாம். பெத்த தாய் கொரலத் திருடி வித்தான்னு ஒன்னச் சொல்லுவாவோ. அத எங்காதால கேக்கணுமா? நான் கொடுத்தேன்னே இருக்கட்டும்."

மதியக் கொடை. வெயிலில் தகரக் கூரையெல்லாம் கொதித்தது. நேற்றைய கதை பரவிவிட்டதால் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். பிள்ளைகள் முன்வரிசையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தன. மேளம் ஏறியது. தங்கமயில் கொட்டாவி விட்டாள். பெருவிரல் நடுங்கியது, முழங்கால் நடுங்கியது. கூச்சல் கிளம்பி நெஞ்சுக்கு வருவது இசக்கிராஜுக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் கை முந்தானையைப் பிடித்துச் சுருட்டி வாய்க்குள் திணித்தது.

அப்படியே ஆடினாள். தலை விரிந்து, கண் செருகி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து ஆடினாள். சத்தம் வரவில்லை. அவள் முன்னால் வைத்திருந்த மைக் அவன் காதிலிருந்த ஹெட்போனுக்குக் கொண்டுவந்தது மூச்சை மட்டும்தான். துணிக்குள் இடித்து இடித்துத் திரும்பும் மூச்சை. பிள்ளைகள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுவாரஸ்யம் இல்லாமல் போனுக்குத் திரும்பிவிட்டன.

இசக்கிராஜ் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திருநீறு வாங்கும் வரிசையில் போய் நின்றான். மற்ற வருஷமாக இருந்தால் அம்மன் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்குச் சொல்லித்தான் பூசுவாள். இன்றைக்கு வாக்கு இல்லை, திருநீறு மட்டும்தான். அவன் முறை வந்தது. அவள் வாயில் துணி எச்சிலில் நனைந்து கன்னம் உப்பியிருந்தது. அவனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் வேலை முடிந்ததும் காட்டுவதுபோலக் கையைத் தூக்கிக் காட்டினான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அவன் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள். முந்தானையை எடுக்காமல் அடுத்த ஆளிடம் நகர்ந்தாள்.